நிகழ்ச்சியை நிறுத்துவது யார்? பெருங்கச்சேரிகளின் அவசரத் திட்டங்களில் ஒரு குறை

2021 நவம்பர் 5 இரவு, அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ராப் பாடகர் டிராவிஸ் ஸ்காட் நடத்திய ஆஸ்ட்ரோவேர்ல்டு இசை விழாவுக்கு ஏறத்தாழ 50,000 பேர் திரண்டிருந்தனர். அங்கே நெரிசலில் சிக்கிப் பத்துப் பேர் இறந்தனர். அமைப்பாளர்களிடம் 56 பக்க அவசரத் திட்டம் இருந்தது. புயல், துப்பாக்கிச்சூடு, வெடிகுண்டு மிரட்டல் எல்லாவற்றுக்கும் அதில் வழி சொல்லப்பட்டிருந்தது; கூட்டம் மேடையை நோக்கி நெருக்கினால் என்ன செய்வது என்பது மட்டும் இல்லை. நிகழ்ச்சியை நிறுத்தும் உரிமையை அத்திட்டம் இருவருக்கே கொடுத்திருந்தது. இரவு 9.38க்கே பலர் பாதிக்கப்பட்ட பெருவிபத்தாக அறிவிக்கப்பட்டும், பாட்டு பத்து மணியைத் தாண்டியும் ஓயவில்லை.

எந்த அறிகுறி தென்பட்டால் யார் நிகழ்ச்சியை நிறுத்துவது என்பதை முன்கூட்டியே எழுதிவைப்பதுதான், காவலர்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட, அதிக உயிர்களைக் காக்கும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இதற்கான காரணம் நெரிசலின் இயல்பிலேயே இருக்கிறது. சதுர மீட்டருக்கு ஏழு பேர் என்ற அளவை நெருங்கும்போது கூட்டம் ஏறக்குறைய நீர்மம்போல் அலைபாயத் தொடங்கும் என்று அமெரிக்கப் பொறியாளர் ஜான் ஃப்ரூயின் விளக்கினார். அந்நிலையில் யாரும் தம் விருப்பப்படி அடியெடுத்து வைக்க முடியாது. மார்பு விரிய இடமின்றி, நின்ற நிலையிலேயே மூச்சடைத்து இறப்பவர்கள் உண்டு. பின்வரிசையில் இருப்பவருக்கு முன்வரிசையின் தவிப்பு தெரியாது. ஆகவே ரசிகர்களின் ஒழுங்கின்மையைப் பழிப்பது பிழை. முன்வரிசையின் நிலையைக் காணக்கூடிய இடத்தில் இருப்பவர்தான் முடிவெடுக்க வேண்டும்.

நெரிசல் அரங்குக்குள் மட்டும் நிகழ்வதன்று. 1979 டிசம்பர் 3 அன்று அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் 'தி ஹூ' ராக் இசைக்குழுவின் கச்சேரிக்கு முன் இறந்த 11 பேரும் அரங்குக்கு வெளியே நின்றவர்கள். இருக்கை எண் இல்லாத நுழைவுச்சீட்டு, முந்துபவருக்கே நல்ல இடம், திறந்திருந்தவையோ சில கதவுகள் மட்டுமே. உள்ளே நிகழ்ச்சி முடியும்வரை குழுவினருக்குச் செய்தி சொல்லப்படவில்லை.

நம் அண்டை மாநிலத்திலும் இதே அவலம் நிகழ்ந்தது. 2023 நவம்பர் 25 அன்று கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் திறந்தவெளி அரங்கில் கச்சேரிக்குக் காத்திருந்தபோது மழை பிடித்துக்கொள்ள, வெளியே நின்றவர்கள் வாயிலை நோக்கி விரைந்தனர். படிக்கட்டில் சரிந்து நால்வர் இறந்தனர். திட்டத்தின் எல்லை மேடையோடும் அரங்கின் சுவரோடும் முடிந்துவிடக் கூடாது என்பதற்கு இவ்விரு நிகழ்வுகளும் சான்று.

டென்மார்க்கின் ரோஸ்கில்டே விழா பாடம் கற்றுக்கொண்டது. 2000 ஜூன் 30 அன்று பேர்ல் ஜாம் குழு பாடுகையில் ஒன்பது பேர் இறந்தனர். பாடகர் எடி வெட்டர் இசையை நிறுத்திக் கூட்டத்தைப் பின்வாங்கச் சொன்னபோது நிலைமை கைமீறியிருந்தது. அதன்பின் மேடைக்கு முன்னுள்ள பகுதி வேலியிட்டுப் பிரிக்கப்பட்டது. அங்கே அளவான எண்ணிக்கையில் மட்டுமே ரசிகர்கள் அனுமதிக்கப்படுகின்றனர்.

இடையில் நிறுத்தினால் கூட்டம் கொதித்தெழாதா என்ற அச்சம் அமைப்பாளர்களுக்கு உண்டு, அது புறந்தள்ளத்தக்கதன்று. ஆனால் காரணம் சொல்லாமல் திடீரென நிறுத்தும்போதுதான் அந்த ஆபத்து பெரிது. ஒலியைக் குறைத்து, அரங்க விளக்குகளை ஏற்றி, ரசிகர்கள் நம்பும் பாடகரே நிலைமையைச் சொன்னால் பதற்றம் தணிய வாய்ப்பு அதிகம். ஹூஸ்டன் துயரத்துக்குப் பின் அமைக்கப்பட்ட டெக்சாஸ் பணிக்குழுவும் 2022 அறிக்கையில், ஒருங்கிணைந்த கட்டளை அமைப்பையும் நிறுத்துவதற்கான தெளிவான வரையறைகளையும் வலியுறுத்தியது.

எனவே ஒவ்வொரு பெருங்கச்சேரியின் திட்டத்திலும் ஒரு தனிப்பக்கம் தேவை. கூட்டம் அலைபாய்தல், தடுப்பு வேலி வளைதல், மயங்கியவர்களைத் தலைக்கு மேல் தூக்கிக் கடத்துதல் ஆகியவை நிறுத்துவதற்கான அறிகுறிகளாக அதில் இடம்பெற வேண்டும். மேடையோர மருத்துவரும் வேலியோரக் காவலரும் யாரிடமும் அனுமதி கேளாமல் நிறுத்தச் சொல்லும் உரிமையையும், அச்செய்தி கலைஞரின் காதுக்கு நேரே செல்லும் வழியையும் அது வகுக்க வேண்டும். நிகழ்ச்சிக்கு அனுமதி வழங்கும் காவல்துறையும் மாவட்ட நிர்வாகமும் முதலில் அந்தப் பக்கத்தைக் கேட்கட்டும். அது இல்லாத விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பட்டும்.