ஆழ்கடலும் ஒளிப்படக் கருவியும்

கடலைப் பாடிய புலவர் பலர். ஆயின் அவர் கண்டது பெரும்பாலும் அலையும் கரையுமே. அலைக்குக் கீழே உயிரினங்கள் தம் இயல்பில் வாழுமாற்றை மனிதன் நேரிற் கண்டு பிறர்க்கும் காட்டத் தொடங்கி இரு நூற்றாண்டுகள் இன்னும் நிறையவில்லை. அம்முயற்சியின் முதற் களங்களுள் ஒன்று இலங்கைக் கடல் என்பதை நம்மவருட் பலர் அறியார்.

1864-65ஆம் ஆண்டுகளில் இங்கு வந்த ஒஸ்திரிய ஓவியர் ஒய்கன் வொன் றான்சொனே, கண்ணாடிச் சாளரம் பொருத்திய மூழ்குமணி ஒன்றினுள் அமர்ந்து, கடலடிக் காட்சிகளைப் பென்சிலால் வரைந்தார். அவர்க்கு வேண்டிய காற்று மேலிருந்து குழாய்வழிச் செலுத்தப்பட்டது. அவ்வோவியங்கள் 1867இல் வெளிவந்த அவரது இலங்கை நூலில் இடம்பெற்றன.

ஓவியம் செய்ததை ஒளிப்படம் செய்ய மேலும் கால் நூற்றாண்டு சென்றது. பிரான்சிய உயிரியலறிஞர் லூயி பூத்தான் 1893இல் பனியூல்சுக் கரையிற் படமெடுத்தபோது, ஒரு படத்துக்கு அரைமணி நேரம்வரை தட்டை ஒளிபடும்படி திறந்து வைக்க வேண்டியிருந்தது. நீந்தும் மீன் அத்துணை நேரம் காத்திருக்குமா? சலனப்படம் 1914இல் வந்தது. ஜோன் ஏணெஸ்ற் வில்லியம்சன் என்பார், தம் தந்தையார் கப்பல் மீட்புப் பணிக்கென அமைத்த வளையுங் குழாயின் அடியிற் கண்ணாடி அறையொன்றைப் பொருத்தி, பகாமாத் தீவுகளிற் படம்பிடித்தார். சுறாவை வரவழைக்கக் குதிரைப் பிணத்தைக் கட்டித் தொங்கவிட்டதும், கத்தியோடு பாய்ந்து சுறாவைக் கொல்வதைப் படமாக்கியதும் அப்படத்தின் சிறப்புக்களாக அந்நாளில் எண்ணப்பட்டன.

இவர்களெல்லாம் கடலை அறைக்குள்ளிருந்தோ குழாயிற் பிணிப்புண்டோ பார்த்தவர்கள். 1943இல் யாக் கூஸ்தோவும் பொறியியலாளர் எமில் கக்னானும் அமைத்த மூச்சுக்கருவி அப்பிணிப்பை அறுத்தது. அமுக்கிய காற்றை முதுகிற் சுமந்து, மீனோடு மீனாக நீந்துதல் இயல்வதாயிற்று. கூஸ்தோ, லூயி மால் என்னும் இளைஞரோடு சேர்ந்து இயக்கிய ‘மௌன உலகம்’ 1956இற் கான் விழாவின் தலைசிறந்த பரிசைப் பெற்றது. கடல்நீர் செந்நிறத்தையே முதலில் விழுங்குவதால் ஆழத்தில் யாவும் நீலமாய்த் தோன்றும். இவர்தம் குழுவினர் வலிய விளக்குகளைக் கொண்டு சென்று முருகைக் கற்களின் செம்மையை வெளிப்படுத்தினர். கையிலிருந்து உணவுண்ணும் பெருமீன் ஒன்றை மக்கள் கண்டு வியந்தனர்.

அதே படத்தில் வேறு காட்சிகளும் உள. மீன்வகைகளைக் கணக்கிடுதற்கென முருகைப் பாறையொன்று வெடிவைத்துத் தகர்க்கப்படுகிறது. ‘கலிப்சோ’க் கப்பலின் உந்துவிசிறி பட்டு எண்ணெய்த் திமிங்கிலக் கன்று ஒன்று உடல் கிழிகிறது, அதனைச் சுட்டுக் கொல்கின்றனர். அப்பிணத்தைத் தின்ன வந்த சுறாக்களைக் கப்பலின்மேல் இழுத்து, கோடரியால் வெட்டி வீழ்த்துகின்றனர். பார்த்தல் வேறு, காத்தல் வேறு என்ற வேறுபாடு அக்காலத்தார்க்குத் தோன்றவில்லை போலும். கூஸ்தோ பிற்காலத்திற் கடலைக் காக்குமாறு உலகெங்கும் பேசினார். அதனால் இப்படம் பொய்யாகிவிடாது. அதனை வெட்டாமற் காட்டுவதே வரலாற்றுக்கு நேர்மை.

அதே 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் இலங்கைக் கடலில் மூழ்கத் தொடங்கினர். திருக்கோணமலையிற் போர்த்துக்கேயர் இடித்த கோயிலின் தூண்களையும் கற்களையும் அவர்கள் நீரடியிற் கண்டனர். வில்சன் 1962இல் வெளியிட்ட ‘ரன்முத்து தூவ’ சிங்களத்தின் முதல் வண்ணப்படம். அதன் நீரடிக் காட்சிகளைக் காணச் சனங்கள் திரண்டனர்.

1979இல் இந்து சமுத்திரம் திமிங்கிலங்களின் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. 1980களின் தொடக்கத்தில் ‘தூலிப்’ என்னும் பாய்க்கப்பலில் வந்த ஆய்வாளர் ஹால் வைற்கெட்டும் அவர்தம் துணைவரும் இலங்கைக் கடலில் அதே எண்ணெய்த் திமிங்கிலங்களைத் தேடினர். நீருள் ஒலிவாங்கியை இறக்கி, அவை இடையறாது எழுப்பும் ‘டக், டக்’ என்னும் ஓசையைக் கேட்டே இரவும் பகலும் பின்தொடர்ந்தனர். திருக்கோணமலைக்கு அப்பால் தாயும் கன்றுமாக அவை நீந்தும் காட்சி நீரினுள் வைத்துப் படமாக்கப்பட்டது. கூஸ்தோ மௌன உலகம் என்று பெயரிட்ட கடலில், அவ்வுயிர்கள் இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுத்தது அவற்றின் ஓசையே.