பங்கு கேட்ட நன்கொடை: லண்டன் பீட்ரி அருங்காட்சியகத்தின் நிதி வரலாறு

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பீட்ரி அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ 80,000 தொல்பொருள்கள் உள்ளன. பெரும்பாலும் எகிப்து, சூடான் மண்ணிலிருந்து வந்தவை. அவற்றைத் தோண்டிய தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பீட்ரியைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. பணம் கொடுத்தவர்கள் யார், அவர்களுக்குக் கைமாறாக என்ன கிடைத்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

தொடக்கம் ஒரு நாவலாசிரியை. 1873-74இல் நைல் நதியில் பயணம் செய்த அமேலியா எட்வர்ட்ஸ், சிதைந்துகொண்டிருந்த கோயில்களைக் கண்டு மனம் நொந்து திரும்பினார். 1882இல் சந்தாதாரர்களைத் திரட்டி அகழாய்வு நடத்தும் எகிப்து ஆய்வு நிதியம் உருவானதில் அவர் பங்கு பெரிது. 1892இல் அவர் மறைந்தபோது தம் நூலகம், சேகரிப்பு, எகிப்தியல் பேராசிரியர் பதவிக்கான மூலதனம் ஆகியவற்றை இக்கல்லூரிக்கு எழுதிவைத்திருந்தார். பெண்களும் ஆண்களுக்கு நிகராகப் பட்டம் பெற இடமளித்த கல்லூரி என்பது அதற்கு முக்கியக் காரணம். உயிலில் ஒரு சூட்சுமமும் இருந்தது: பேராசிரியர் 40 வயதைத் தாண்டியவராகவோ பிரிட்டிஷ் அருங்காட்சியக ஊழியராகவோ இருக்கலாகாது. பதவியேற்றபோது பீட்ரிக்கு வயது 39. ஆளை அளவெடுத்துத் தைத்த சட்டை!

உயில் பதவியைத் தந்தது. மண்வெட்டிக்குக் கூலி தரவில்லை. 1894இல் மாணவர்களுக்குக் களப்பயிற்சி அளிக்கவென்றே பீட்ரி 'எகிப்திய ஆய்வுக் கணக்கு' என்ற நன்கொடை நிதியைத் தொடங்கினார். அந்நிதியில் பயிற்சி பெற்ற ஜேம்ஸ் குவிபெல்தான் 1898இல் ஹியராகான்போலிஸ் அகழாய்வில் புகழ்பெற்ற நார்மர் கற்பலகையை வெளிக்கொணர்ந்தார். அது கெய்ரோவிலேயே தங்கியது. எகிப்திய அரசு வேண்டியதை எடுத்துக்கொண்டபின் எஞ்சியவை, கொடுத்த தொகைக்கேற்ப, சந்தாதாரர் சுட்டிய அருங்காட்சியகங்களுக்குப் பிரிந்து சென்றன. மான்செஸ்டர் பல்கலைக்கழக அருங்காட்சியகத்துக்குத் துணிவணிகர் ஜெஸ்ஸி ஹாவொர்த்தின் பங்கு போய்ச் சேர்ந்தது இப்படித்தான். இதை அறம் என்பதைவிடக் கூட்டுவாணிபம் என்பதே பொருத்தம். உழைப்பைக் கொடுத்தவர்களின் கதை வேறு. எகிப்தின் கோப்டாஸ் நகரில் 1893-94இல் பீட்ரி தோண்டினார். அவ்வூர் ஆட்களே பிறகு பல்லாண்டுகள் அவருடைய தேர்ந்த பணியாளர்கள். சந்தாதாரர் பெயர்கள் ஆண்டறிக்கையில் அச்சேறின. இப்பணியாளர்களில் பெரும்பாலோர் பெயர் ஏறவில்லை.

1913இல் பீட்ரி தம் சொந்தச் சேகரிப்பைக் கல்லூரிக்கு விற்றார். விலையைத் திரட்டப் பொதுமக்களிடம் மீண்டும் கையேந்த வேண்டியிருந்தது. தோண்டக் கொடுத்தது ஒருமுறை, தோண்டியதை வைத்துக்கொள்ளக் கொடுத்தது மறுமுறை.

1922இல் துட்டன்காமன் கல்லறை வெளிப்பட்டபின் எகிப்து பங்கீட்டை இறுக்கியது. 1926இல் பீட்ரி பாலஸ்தீனத்துக்கு நகர்ந்தார். பங்கு கிடைக்கும் என்று கொடுத்தவர்களின் காலம் மெல்ல முடிந்தது.

1988இல் அமைந்த 'பீட்ரி அருங்காட்சியக நண்பர்கள்' குழு கொடுப்பது பொருள்களைப் பாதுகாக்க. உறுப்பினருக்குக் கிடைப்பவை சொற்பொழிவுகளும் செய்தி மடலும்தாம். பராமரிப்பு எவ்வளவு தேவை என்பதற்கு எகிப்தின் தர்கானில் கிடைத்த ஆடை சாட்சி. 1913இல் அழுக்குத் துணிமூட்டையாக வந்த அது, 1977இல் மூட்டையைப் பிரித்தபோதுதான் ஆடையென்று தெரிந்தது. வயது 5,000 ஆண்டுகளுக்கு மேல் என்று கரிமக் காலக்கணிப்பு காட்டியது.

1950களில் தற்காலிகமாக என்று சொல்லி ஒரு பழைய குதிரை லாயக் கட்டடத்துக்கு இச்சேகரிப்பு மாற்றப்பட்டது. இன்றும் அங்கேதான் இருக்கிறது.