பறிக்கும் உரிமையும் நடைச்சீட்டும்: சிறு வன மகசூல் விதிகள் எதைக் காக்கின்றன?

நெல்லிக்காய் பறிப்பதும் மாகாளிக் கிழங்கு தோண்டுவதும் ஒரே வேலையல்ல என்பது மலையில் வாழும் சிறுபிள்ளைக்கும் தெரியும். நெல்லியில் காய் போனாலும் மரம் நிற்கும். அடுத்த பருவத்திலும் காய்க்கும். மாகாளியில் நமக்கு வேண்டியதே வேர்தான். பாறையிடுக்கில் ஓடும் வேரை அடியோடு அகழ்ந்தால் கொடியும் அதோடு முடிந்தது. மோரில் ஊறும் ஊறுகாய்க்கும், நன்னாரி என்ற பெயரில் விற்கும் சர்பத்துக்கும் தோண்டித் தோண்டியே பல மலைகளில் அந்தக் கொடி அருகிவிட்டது. ஆனால் காட்டுச் சட்டத்தின் பார்வையில் காயும் வேரும் ஒன்றே; இரண்டும் வனப்பொருள். எடுத்தவர் யார், அனுமதி உண்டா, எடை எவ்வளவு, எந்தச் சோதனைச்சாவடி வழியாகப் போகிறது என்று சட்டம் கேட்கும். எப்படி எடுத்தார், எவ்வளவை விட்டுவைத்தார் என்று கேட்காது. நம் நாட்டின் வனப்பொருள் அனுமதி முறை ஆளையும் பாதையையும் கட்டுப்படுத்தவே உருவானது. அறுவடையைக் கட்டுப்படுத்த உருவானதல்ல என்பதே இக்கட்டுரையின் வாதம். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இதை மாற்ற முயன்றது. அந்த மாற்றம் பெரும்பாலான இடங்களில் சோதனைச்சாவடியோடு நின்றுபோனது.

இதன் வேர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இருக்கிறது. 1870களில் காட்டுச் சட்டத்துக்கு வரைவு எழுதப்பட்டபோது ஆட்சியாளர்களுக்குள்ளேயே கடும் பிணக்கு இருந்தது. ஊரார் தலைமுறை தலைமுறையாகக் காட்டில் விறகும் தழையும் தேனும் எடுத்துவந்தது உரிமையா, அல்லது அரசு பொறுத்துக்கொண்ட சலுகையா என்பதே கேள்வி. கீழைநாட்டு மன்னரின் பெயரைச் சொல்லி, எழுத்தில் வழங்கப்படாத எதுவும் உரிமையாகாது என்றார் வனத்துறை அதிகாரி பேடன்-பவல். முதல் தலைமை வனத்துறை அதிகாரியான டீட்ரிஷ் பிராண்டிஸ் ஊராரின் பழக்கத்துக்கு ஓரளவேனும் இடம் விட விரும்பினார். சென்னை மாகாண வருவாய் வாரியம் இன்னும் ஒரு படி மேலே போனது. மாகாணத்துக் காடுகள் ஏதோவொரு ஊரின் எல்லைக்குள்தான் கிடக்கின்றன, அவற்றில் அரசுக்குத் தனிச் சொத்துரிமை இருந்ததேயில்லை என்ற பொருளில் அது வாதாடியது. அரசு அலுவலகம் ஒன்று அரசுக்கு எதிராக இவ்வளவு தெளிவாகப் பேசியது நம் காட்டு வரலாற்றில் அரிது.

பேடன்-பவலின் கட்சிதான் வென்றது. 1878ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை மாகாணத்துக்குப் பொருந்தவில்லை. ஆனால் நான்கே ஆண்டில் வந்த 1882 சென்னை வனச் சட்டம் ஏறக்குறைய அதே தடத்தில் நடந்தது. வன நிர்ணய அலுவலர் ஒருவர் ஊருக்கு வருவார். உரிமை கோருவோர் குறித்த காலத்துக்குள் அவர்முன் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காதவரின் உரிமை அற்றுப்போகும். எழுத்தறியாத மலைமக்களுக்கு இந்த நடைமுறை எப்படி முடிந்திருக்கும் என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. காப்புக்காட்டில் அனுமதிக்கப்படாத அனைத்தும் குற்றமாயிற்று. அனுமதிச் சீட்டின் பிறப்பிடம் இதுதான். உரிமையை முழுதாக அழித்த பிறகு, அதிலிருந்து ஒரு கிள்ளு எடுத்துத் திருப்பித் தரும் காகிதம் அது.

அந்தக் காகிதமும் காட்டில் ஏறி இறங்குபவர் கைக்கு வரவில்லை. ஒரு சரகத்தின் கடுக்காய், சீயக்காய், பூந்திக்கொட்டை, தேன், கல்பாசி எல்லாம் ஏலத்தில் குத்தகைக்குப் போயின. சீட்டு குத்தகைதாரர் பெயரில் இருக்கும். பறித்தவருக்குக் கிடைத்தது பறிகூலி. 1970களில் மலைவாழ் மக்கள் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தபோது குத்தகைதாரர் இடத்தில் சங்கம் அமர்ந்தது. பல இடங்களில் அதனால் கூலி கொஞ்சம் கூடியது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் காட்டுக்கும் சந்தைக்கும் நடுவில் ஒரே ஒரு வாயில், அதன் திறவுகோல் வேறொருவர் கையில் என்ற அமைப்பு அப்படியே இருந்தது. மத்தியப் பிரதேசம் 1964இலும் ஒடிசா 1973இலும் பீடி இலை வணிகத்தை அரசுடைமையாக்கியபோதும் வாயில் மாறவில்லை, காவலாள்தான் மாறினார்.

இந்தப் பின்னணியில்தான் வன உரிமைச் சட்டத்தைப் படிக்க வேண்டும். அதன் 3(1)(இ) உட்பிரிவு என்று தமிழில் குறிக்கத்தக்க விதி, மரபாகச் சேகரித்துவந்த சிறு வன மகசூலின் மீது உடைமையையும், அதைச் சேகரிக்க, பயன்படுத்த, விற்க உரிமையையும் தருகிறது. உடைமை என்ற சொல்லே 1882ஐத் தலைகீழாக்குகிறது. மூங்கில், பிரம்பு, தேன், மெழுகு, அரக்கு, பட்டுக்கூடு, பீடி இலை, மூலிகை, வேர், கிழங்கு எல்லாம் பட்டியலில் உண்டு. தாவரத்திலிருந்து வருபவை என்று தொடங்கும் வரையறையில் தேனையும் பட்டுக்கூட்டையும் சேர்த்ததைத் தாவரவியலாளர் ஒப்பமாட்டார். காட்டில் வாழ்பவர் ஒப்புவார். பஞ்சாயத்துச் சட்டத்தை ஐந்தாவது அட்டவணைப் பகுதிகளுக்கு விரித்த 1996ஆம் ஆண்டுச் சட்டமும் இந்த உடைமையைப் பேசியதுதான். ஆனால் தமிழ்நாட்டில் அட்டவணைப் பகுதியே இல்லை. கொல்லிமலைக்கும் சவ்வாதுமலைக்கும் கல்வராயனுக்கும் வன உரிமைச் சட்டம் ஒன்றுதான் கதவு. அந்தக் கதவும் 2008இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் இடைக்கால ஆணையால் பாதி மூடப்பட்டது. மனுக்களைப் பரிசீலிக்கலாம், நீதிமன்றத்தைக் கேட்காமல் பட்டயம் தரக் கூடாது என்ற நிலை 2016வரை நீடித்தது. மற்ற மாநிலங்கள் நடந்த எட்டு ஆண்டுகளைத் தமிழகம் இப்படித்தான் இழந்தது.

உரிமை எழுத்தில் வந்துவிட்டால் எல்லாம் முடிந்ததா? மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் உள்ள மெண்டா-லேகா ஊரைப் பாருங்கள். 2009இல் ஏறத்தாழ 1,800 எக்டேர் காட்டின் மீது சமூக உரிமை பெற்ற கோண்டு மக்களின் ஊர் அது. காட்டில் மூங்கில் இருந்தது. பட்டயத்தில் உரிமை இருந்தது. ஆனால் லாரியில் ஏற்றிக்கொண்டுபோக நடைச்சீட்டு வேண்டும், அதை வனத்துறை தரவில்லை. 1927ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டம் மூங்கிலை மரம் என்கிறது, எனவே அது சிறு மகசூலே அல்ல என்பது துறையின் அப்போதைய நிலை. தாவரவியலில் மூங்கில் புல் வகை. 2006 சட்டமோ அதைப் பெயர் சொல்லியே சிறு மகசூலில் சேர்த்திருந்தது. 2011 மார்ச்சில் நடுவண் சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் எல்லா முதலமைச்சர்களுக்கும் கடிதம் எழுதினார். ஏப்ரலில் அவரே ஊருக்கு வந்து நடைச்சீட்டுப் புத்தகத்தைக் கிராம சபையின் கையில் கொடுக்க வைத்தார். நாடாளுமன்றம் தந்த உரிமையை ஓர் ஊர் துய்க்க நடுவண் அமைச்சர் நேரில் வரவேண்டியிருந்தது என்பதை வெற்றிக்கதையாக மட்டும் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. பூட்டு எங்கே இருந்தது என்பதைத்தான் அந்த நிகழ்வு காட்டியது.

2012இல் விதிகள் திருத்தப்பட்டபோது இந்த அனுபவம் அவற்றில் ஏறியது. நடைச்சீட்டைக் கிராம சபை அமைக்கும் குழுவோ அது அதிகாரம் அளித்தவரோ தரலாம். நடைச்சீட்டு என்ற நடைமுறை விற்கும் உரிமையைக் குறைக்கக் கூடாது. சேகரிப்புக்கு உரிமைத்தொகையோ கட்டணமோ கிடையாது. எழுத்தில் இதைவிடத் தெளிவு வேண்டியதில்லை. ஆனால் சாவடியில் நிற்கும் வனக்காப்பாளர் பழகியது துறையின் முத்திரையை. கிராம சபையின் முத்திரை குத்திய தாளை அவர் ஏற்காவிட்டால், மூட்டை நனைவதற்குள் வந்த விலைக்கு வியாபாரியிடம் தள்ளிவிடுவதே சேகரித்தவருக்கு வழி. கல்பாசியும் சீயக்காயும் வழக்கு முடியும்வரை காத்திருக்கும் பொருள்களல்ல.

இதற்கு எதிராக வைக்கப்படும் வாதம் எளிதில் தள்ளத்தக்கதல்ல. வாயிலைத் திறந்துவிட்டால் சந்தையின் பசி காட்டையே தின்றுவிடும் என்பது அது. மாகாளிக் கிழங்கின் கதை அந்த அச்சத்துக்கு ஆதாரம். ஆனால் தடை காட்டைக் காத்ததா என்று சோதித்துப் பார்க்க நமக்குப் பக்கத்திலேயே ஓர் இடம் உண்டு. சத்தியமங்கலம் காடுகளையொட்டி, கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில் உள்ள பிலிகிரி ரங்கன மலை 1974 முதல் சரணாலயம். எல்லைக்கு இருபுறமும் வாழும் சோளகர்கள் அங்கே கூட்டுறவுச் சங்கம் வழியாக நெல்லி, தேன், கல்பாசி விற்றுவந்தார்கள். சரணாலயத்தில் எடுக்கும் பொருளைச் சொந்தத் தேவைக்கு மட்டுமே பயன்படுத்தலாம், விற்கக் கூடாது என்று வனவிலங்குச் சட்டம் 2002இல் திருத்தப்பட்டது. அதைத் தொடர்ந்து சில ஆண்டுகளில் அங்கே விற்பனைக்கான சேகரிப்பு நின்றது.

நெல்லி அதனால் பெருகிவிடவில்லை. அம்மலையில் நெல்லி மரங்களை நெடுங்காலம் கண்காணித்த ஆய்வாளர்கள், காய் பறிப்பைவிடப் புல்லுருவியும் உண்ணிச்செடியும்தான் மரங்களுக்குப் பெரிய கேடு என்ற முடிவுக்கு வந்தார்கள். புல்லுருவி கிளைமேல் ஒட்டி மரத்தின் நீரை உறிஞ்சும். உண்ணிச்செடி அடியில் புதராய் மண்டி நெல்லிக்கன்றை எழவிடாது. சோளகரின் விளக்கம் இன்னும் ஒரு படி பின்னே போகிறது. கோடையின் தொடக்கத்தில் சருகை மட்டும் பொசுக்கும் மெல்லிய தீயைத் ‘தரகு பெங்கி’ என்பார்கள். அந்தத் தீ நிறுத்தப்பட்ட பிறகுதான் இரண்டும் பெருகின என்பது அவர்கள் கூற்று. கிளையை வெட்டிப் பறிப்பது மரத்துக்குக் கேடு என்பது பொதுவான எண்ணம். புல்லுருவி பிடித்த கிளையை வெட்டினால் அதன் பரவல் குறையும் என்பது இன்னொரு பக்கம். பறிக்க வருபவரே மரத்தைப் பார்ப்பவராகவும் இருந்தார். பறிப்பு நின்றபோது பார்வையும் நின்றது. 2011 சனவரியில் இம்மலை புலிகள் காப்பகமானது. அதே ஆண்டு அக்டோபரில் சோளகரின் சமூக வன உரிமை ஏற்கப்பட்டது; புலிகள் காப்பகம் ஒன்றுக்குள் அப்படி நடந்தது அதுவே முதல்முறை.

அச்சத்தின் பெயரால் மறுப்பது என்ன செய்யும் என்பதற்கு அகத்தியமலைக் காணிக்காரர்களின் கதை இன்னொரு சான்று. 1987இல் ஆய்வாளர்களுக்கு வழிகாட்டப் போன காணிகள் களைப்புத் தீர மென்ற காயிலிருந்து ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகை வெளியுலகுக்குத் தெரிந்தது. அதைக்கொண்டு உருவான ‘ஜீவனி’ மருந்தின் உற்பத்தி உரிமம் 1995இல் கோவை நிறுவனம் ஒன்றுக்குப் பத்து லட்சம் ரூபாய்க்கும் விற்பனையில் இரண்டு விழுக்காட்டுக்கும் போனது. அதில் பாதி காணிகளுக்கு என்ற ஏற்பாட்டை உலகமே பாராட்டியது. ஆனால் அந்த இலையைப் பறித்து விற்கக் காணிகளுக்குக் கேரள வனத்துறை இசையவில்லை. செடி வேரோடு களவுபோகும் என்று அது அஞ்சியது. அறிவுக்குப் பங்கு உண்டு, இலைக்கு அனுமதி இல்லை. மருந்து உற்பத்தி தடுமாறியதற்கு இலை கிடைக்காததும் ஒரு காரணம்.

ஆகவே, விதி வேண்டுமா வேண்டாமா என்ற சண்டையை விட்டு, எந்த விதி என்று கேட்பதே பயன் தரும். காய்க்கும் வேருக்கும் பட்டைக்கும் பிசினுக்கும் ஒரே சீட்டு என்பது அறிவியலுக்கும் பொருந்தாது, நீதிக்கும் பொருந்தாது. காய்க்கு எடைவரம்பு தேவையே இல்லாமல் போகலாம்; எத்தனை மரத்தை விட்டுவைப்பது, எந்த நாளுக்குப் பிறகு மரமேறுவது என்ற ஊர்க் கட்டுப்பாடு போதும். வேருக்கோ சுழற்சி வேண்டும்: இந்த ஆண்டு தோண்டிய சரிவை இத்தனை ஆண்டு தொடாதிருப்பது, தலைக்கிழங்கையும் ஒரு கிளைவேரையும் மண்ணிலேயே விடுவது. தேனில் புழு இருக்கும் பகுதியை விட்டு அடையை அறுப்பது. இவற்றை மாவட்டத் தலைநகரில் அச்சடித்த படிவத்தில் எழுத முடியாது. காட்டைக் காக்கவும் மீட்கவும் மேலாண்மை செய்யவும் கிராம சபைக்குச் சட்டம் தந்த அதிகாரம் இதற்குத்தான். நடைச்சீட்டுப் புத்தகத்தில் எடைக்கும் லாரி எண்ணுக்கும் பக்கத்தில், எந்தச் சரிவு, எப்போது, எப்படி எடுத்தது என்ற பத்திகளும் இருக்கட்டும். அந்தப் பத்திகளைச் சரிபார்க்க வனவருக்கு முழு உரிமை இருக்கட்டும். சீட்டைத் தர மறுக்கும் உரிமை மட்டும் வேண்டாம்.

சிக்கல் முழுதும் இதனால் தீராது. ஒரே மலையை மூன்று ஊர்கள் பகிரும்போது யாருடைய கட்டுப்பாடு செல்லும் என்ற கேள்வி உண்டு. அடிவாரத்து வியாபாரி முன்பணம் கொடுத்துக் கட்டிப்போட்டிருக்கும் குடும்பத்திடம் ‘வேரைப் பாதி விடு’ என்று கிராம சபை சொல்வதும் எளிதல்ல. அங்கே உடனடியாக வேண்டியது நியாய விலையில் வாங்கும் கை. குறைந்தபட்ச ஆதரவு விலைத் திட்டம் 2013 முதல் இருந்தும், கொள்முதல் நடக்கும் இடமும் பறிப்பு நடக்கும் பருவமும் ஒன்றுசேராத ஊர்களில் அது பெயரளவில்தான் இருக்கும்.

இவற்றில் அரசால் விரைந்து செயல்பட முடியாது என்று சொல்ல முடியாது. யாருக்கு அவசரம் காட்டுகிறது என்பதே கவனிக்க வேண்டியது. 2017 நவம்பரில் ஓர் அவசரச் சட்டம் 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின் ‘மரம்’ என்ற வரையறையிலிருந்து மூங்கிலை நீக்கியது. காட்டுக்கு வெளியே தன் நிலத்தில் மூங்கில் வளர்ப்பவர் இனி அந்தச் சட்டத்தின்படி வெட்டவும் ஏற்றிச்செல்லவும் அனுமதி கேட்கத் தேவையில்லை. காட்டுக்குள் விளையும் மூங்கில் வனப்பொருளாகவே தொடர்கிறது. பட்டயம் பெற்ற ஊர் இன்னமும் தன் சீட்டைச் சாவடியில் நீட்டி நிற்கிறது.