உமர் (ரலி) அவர்களின் குளிர்காலக் கடிதமும் விஷாரத்துத் தோலும்

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சி ஹிஜ்ரி 13 முதல் 23 வரை, அதாவது கி.பி. 634 முதல் 644 வரை நீடித்தது. ஆளுநர்களுக்கும் நீதிபதிகளுக்கும் படைத் தளபதிகளுக்கும் அவர்கள் எழுதிய கடிதங்களை நாம் பயான்களில் அடிக்கடி கேட்டிருக்கிறோம். அதிகம் பேசப்படாத ஒரு கடிதமும் உண்டு. அது உடுப்பைப் பற்றியது. குளிர்காலம் நெருங்கும்போது ஷாம் தேசத்து மக்களுக்கு அவர்கள் அறிவுரை எழுதி அனுப்புவார்கள். குளிரை ஒரு பகைவனாகவே கருதி, கம்பளி, தோற்காலுறை, துணிக்காலுறை ஆகியவற்றை முன்கூட்டியே ஆயத்தம் செய்துகொள்ளுமாறும், உடலை ஒட்டிய ஆடையும் அதன் மேலாடையும் கம்பளியாகவே இருக்கட்டும் என்றும் அதில் பணித்தார்கள். இப்பகைவன் விரைவில் நுழைந்துவிடுவான், எளிதில் வெளியேறமாட்டான் என்பது அவர்களின் எச்சரிக்கை.

இச்செய்தியை டமாஸ்கஸ் நகரில் வாழ்ந்து ஹிஜ்ரி 795-இல் மறைந்த இமாம் இப்னு ரஜப் (ரஹ்) தமது ‘லதாயிஃபுல் மஆரிஃப்’ நூலில் பதிவு செய்கிறார். அதற்கான காரணத்தையும் அவரே விளக்குகிறார். ஷாம் தேசம் உமர் (ரலி) அவர்களின் காலத்தில்தான் வெற்றிகொள்ளப்பட்டது. அங்கே சென்று தங்கிய ஸஹாபாக்களும் ஏனையோரும் ஹிஜாஸின் வெயிலில் வளர்ந்தவர்கள். அத்தகைய குளிருக்குப் பழகாதவர்கள். அவர்கள் துன்புற்றுவிடக் கூடாதே என்ற கவலைதான் மதீனாவிலிருந்து அக்கடிதத்தை எழுத வைத்தது.

உள்ளாடைக்கும் மேலாடைக்கும் அரபியில் தனித்தனிப் பெயர்கள் உள்ளன. உடலின் உரோமத்தைத் தொடுவது ‘ஷிஆர்’. அதன் மேல் போர்த்துவது ‘திஸார்’. ‘அல்முத்தஸ்ஸிர்’ எனும் ஸூராவின் பெயர் இந்த இரண்டாவது சொல்லின் வேரிலிருந்தே பிறந்தது. தடித்த ஓர் ஆடையைவிட இரண்டு அடுக்கு ஆடை உடற்சூட்டை நன்கு காக்கும் என்பதை இன்று குளிர் நாடுகளில் குழந்தைகளுக்கும் கற்பிக்கிறார்கள். அக்கடிதம் அதனை அன்றே சொல்லிவிட்டது.

வெயில் பூமியில் வளர்ந்து குளிர் பூமிக்குப் போகும் கூட்டம் நம் மேல்விஷாரத்திலும் உண்டு. ஆண்டுதோறும் ஷவ்வால் மாதத்தில் நம் பிள்ளைகள் சிலர் தேவ்பந்துக்கும் ஸஹாரன்பூருக்கும் ரயிலேறுகிறார்கள். தற்போது ஷவ்வால் நமக்கு வெயில் தொடங்கும் காலத்தில் வருகிறது. அதனால் பெட்டியில் மெல்லிய ஜுப்பாக்களும் ஊறுகாய் பாட்டிலும் இடம்பிடிக்கும். டிசம்பரைப் பற்றி எவருக்கும் நினைவு இராது. நம்மிடம் ஓதிய ஒரு மாணவர் ஒற்றைப் பருத்திப் போர்வையுடன் வடக்கே போய், முதல் ஜனவரியில் சுபுஹுக்கு உளூச் செய்யவே அஞ்சினேன் என்று ஊர் திரும்பியபின் சொன்னார். குற்றம் அவருடையதன்று. அனுப்பி வைத்த நாம் அவருக்கு அந்தக் கடிதத்தைச் சொல்லவில்லை.

அவர் அஞ்சிய அந்த உளூவுக்கு நம் மார்க்கம் தந்த சலுகை ஒரு தோல் உறையில் இருக்கிறது. தபூக் பயணத்தில் ஓர் அதிகாலை, முகீரா இப்னு ஷுஅபா (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களுக்கு உளூச் செய்யத் தண்ணீர் ஊற்றினார்கள். அண்ணலார் அணிந்திருந்தது ஷாம் நாட்டுக் கம்பளி ஜுப்பா. அதன் கைப்பகுதி இறுக்கமாக இருந்ததால் மேலே உயர்த்த இயலவில்லை. ஜுப்பாவின் கீழ்வழியாகக் கைகளை வெளியே எடுத்துக் கழுவினார்கள். ‘ஹுஃப்’ எனும் தோற்காலுறையைக் கழற்றிவிட முகீரா குனிந்தபோது, தூய்மையான நிலையிலேயே அணிந்ததைக் கூறித் தடுத்து, அதன் மேல் மஸஹு செய்தார்கள். அதற்குள் மக்கள் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களை முன்னிறுத்தி பஜ்ர் தொழுகையைத் தொடங்கிவிட்டிருந்தனர். புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெறும் இந்நிகழ்ச்சியில் நம்மைக் கவர்வது அந்த ஜுப்பாவின் பூர்விகம். ஷாம் அன்று ரோமர்களின் ஆட்சியில் இருந்தது. பிற மதத்தினர் நெய்த ஆடையை அணிந்து தொழலாம் என்பதற்கு இதனையே சான்றாகக் காட்டினர் நம் இமாம்கள். நபியவர்கள் அணிந்த கறுப்பு நிறத் தோற்காலுறை ஒன்று அபிசீனிய மன்னர் நஜ்ஜாஷியின் அன்பளிப்பு என்றும் ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். ஆக, குளிரைத் தாங்கும் உடுப்பு அன்றே எல்லைகளைக் கடந்துதான் வந்திருக்கிறது.

இன்று அது எந்தத் திசையில் கடக்கிறது என்பது விஷாரத்தாருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தோலைப் பதனிடுவது சிலர் கண்ணில் இழிவான வேலை. மதீனாவில் அப்படி இல்லை. அன்னை மைமூனா (ரலி) அவர்களின் வீட்டாருக்குரிய ஆடு ஒன்று செத்துக் கிடக்கக் கண்டு, அதன் தோலை எடுத்துப் பதனிட்டுப் பயன்கொள்ளலாமே என்று கேட்டவர்கள் நபி (ஸல்) அவர்கள். அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) தம் கையாலேயே தோல் பதனிட்டு, தைத்து, அந்த வருவாயைத் தர்மம் செய்தவர். டேனரியில் உழைக்கும் நம் சகோதரர் தம் தொழிலின் வம்சாவளியைக் கேட்டால் இந்த வீட்டிலிருந்தே தொடங்கலாம்.

நம் பாட்டனார் காலத்துப் பதனிடுதல் சுண்ணாம்புக் குழியில் உரோமத்தை நீக்கி, ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவைத்து, கடுக்காயில் முடிப்பதாக இருந்தது. அவ்வாறு பாதி முடிந்த தோல் சென்னைப் பெரியமேட்டு மண்டிகளின் வழியே லண்டன் ஏலத்துக்குப் போனது. அவ்வணிகத்தில் பொருளீட்டிப் பள்ளிகளுக்கும் ஏழைகளுக்கும் வாரி வழங்கியவர் நம் ஊரின் நவாப் சி. அப்துல் ஹக்கீம் சாஹிப் (1863–1938). 1965-இல் தொடங்கிய நம் கல்லூரி அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

முதல் உலகப் போர் வந்தது. சென்னை மாகாணத்து மாட்டுத்தோல் பிரிட்டிஷ் படைவீரரின் பூட்ஸுக்கு மேல்தோலாயிற்று. போரின் இடையில் அரசே நேரடியாக அதனைக் கொள்முதல் செய்தது. பிரான்சின் பதுங்குகுழிச் சேற்றிலும் பனியிலும் நின்ற கால்களை அந்தத் தோல் காத்தது. 1914 நவம்பர் முதல் அதே பேரரசு உதுமானிய கிலாஃபத்துடனும் போரிட்டது. ஜும்ஆவில் கலீஃபாவுக்காகத் துஆச் செய்த கைகளே அத்தோலையும் பதனிட்டன. இதை எழுதுவது பழிக்க அன்று. தோலுக்குச் சென்று சேருமிடம் தெரியாது. ஆனாலும் நம் தொழிலின் வரலாற்றை எழுதுவோர் இப்பக்கத்தைத் தாண்டிப் போகக் கூடாது.

1970-களில் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தியபின், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரங்களில் ஷூவும் தோல் ஆடையும் பெருகின. ஐரோப்பாவின் குளிர்காலத்துக்கான பூட்ஸ் நம் கத்திரி வெயிலில் தைக்கப்படுகிறது. வியர்வை வழிய அதைத் தைப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பாலாறு கொடுத்த விலையோ வேறு. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் வழங்கிய தீர்ப்பு அதற்குச் சாட்சி.

இனி அலமாரிக்கு வருவோம். வடக்கே போகும் பிள்ளைக்கு, தோற்காலுறை ஒரு ஜோடி ஷவ்வாலிலேயே பெட்டியில் ஏறட்டும். முழு உளூவுடன் அணிந்தால், அணிந்தபின் உளூ முறியும் நேரத்திலிருந்து ஊரில் தங்கியிருப்பவருக்கு ஒரு பகல் ஓர் இரவும், பயணிக்கு மூன்று பகல் மூன்று இரவும் மஸஹு செய்யலாம். கணுக்கால் மூடியிருக்க வேண்டும். ஹனஃபீ மத்ஹபில் மூன்று சிறு கால்விரல் அளவுக்குக் கிழிந்திருந்தால் கூடாது. கடையில் விற்கும் மெல்லிய நூல் சாக்ஸ் இதற்கு ஈடாகாது. இளைஞர்கள் இதில் தவறுகிறார்கள். ஐப்பசி மழையில் தோலில் பூஞ்சணம் பிடித்தால் உலர்ந்த துணியால் துடைத்து நிழலில் காற்றாட விடவேண்டும்; வெயிலில் வைத்தால் விறைத்து வெடிக்கும். பிளாஸ்டிக் பையில் கட்டி வைப்பதும் கெடுதலே. கம்பளியை உதறி, வெயில் காட்டி, அந்துருண்டை போட்டு வைப்பதை நம் வீட்டுப் பெண்கள் நம்மைவிட நன்கறிவர். மேடைகளில் போர்த்தப்பட்ட சால்வைகளும் எத்தனையோ வீடுகளில் மடிப்புக் கலையாமல் கிடக்கின்றன. காஷ்மீரில் குளிருக்குப் போர்த்தும் சால்வை நம்மிடம் மரியாதைக்கு மட்டும் என்றாகிவிட்டது.

அலமாரியைத் திறக்கும்போது இப்னு ரஜப் (ரஹ்) எழுதிய இன்னொரு நிகழ்ச்சியும் நினைவுக்கு வருகிறது. மதீனாவின் தாபியீன்களில் ஒருவரான ஸஃப்வான் இப்னு ஸுலைம் (ரஹ்) குளிர் மிகுந்த ஓர் இரவில் பள்ளிவாசலிலிருந்து வெளியே வந்தார். ஆடையின்றி ஒருவர் நிற்கக் கண்டு தம் சட்டையைக் கழற்றி அவருக்கு அணிவித்தார். ஷாம் தேசத்தில் ஒருவர், ஸஃப்வான் ஒரு சட்டைக்காகச் சொர்க்கம் புகுவதாகக் கனவு கண்டு மதீனா வந்து, அச்சட்டையின் கதையை அவரிடமே விசாரித்தாராம்.