தீக்குச்சி கற்பித்த பாடம்

நம் வீட்டுத் தீப்பெட்டியின் பக்கத்தில் செம்பழுப்பு நிறத்தில் ஒரு பட்டை பூசப்பட்டிருப்பதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். அதன்மீது உரசினால் குச்சி பற்றுகிறது. சுவரிலோ தரையிலோ உரசினால் பொதுவாகப் பற்றுவதில்லை. இது ஏன் என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. அந்தச் சிறு பட்டைக்குப் பின்னால் முக்கால் நூற்றாண்டுத் துன்ப வரலாறு ஒன்று மறைந்து கிடக்கிறது. ஊர்விட்டு ஊர் வந்து, ஆலைகளிலும் இரசாயனத் தொழிற்கூடங்களிலும் உழைத்து வாழும் தமிழ் மக்கள் பலர் உள்ள இந்நாளில், அவ்வரலாற்றை நாம் அறிந்துகொள்வது நலம்.

1669ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஹென்னிக் பிராண்ட் என்பவர் பாஸ்வரத்தைக் கண்டறிந்தார். இருளில் ஒளிரும் அப்பொருள் நெடுங்காலம் வெறும் வியப்புப் பொருளாகவே இருந்தது. 1830ஆம் ஆண்டை ஒட்டி அது தீக்குச்சி முனையில் இடம்பெற்றது. வெண்பாஸ்வரம் கலந்த குச்சி எங்கே உரசினாலும் எளிதில் பற்றியது, விலையும் மலிவு. எனவே ஐரோப்பா எங்கும் தீக்குச்சித் தொழிற்சாலைகள் பெருகின. பெண்களும் சிறுவர்களும் அங்கே மிகுதியாக வேலை செய்தனர்.

வெண்பாஸ்வரமோ கொடிய நஞ்சு. அதன் ஆவி நாள்தோறும் தொழிலாளரின் வாய்க்குள் சென்றது. முதலில் பல்வலி தோன்றும். பின் ஈறு வீங்கிச் சீழ் வடியும். இறுதியில் தாடையெலும்பே அழுகிப்போகும். வியன்னா நகர மருத்துவர் லோரின்சர் இந்நோயைப் பற்றி 1845இல் எழுதி வெளியிட்டார். வியப்பு யாதெனில், நோய்க்கு மாற்றும் அதே நகரில் அதே காலத்தில் ஆராயப்பட்டது என்பதே. வெண்பாஸ்வரத்தைக் காற்றுப்படாமல் சூடேற்றினால் அது செம்பாஸ்வரமாக மாறும் என்பதை வியன்னாவின் ஷ்ரோட்டர் என்னும் இரசாயன அறிஞர் விளக்கினார். செம்பாஸ்வரத்துக்கு அந்த நச்சுத்தன்மை இல்லை. சுவீடன் நாட்டு யோன்ஷோப்பிங் நகரில் லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள், செம்பாஸ்வரத்தைப் பெட்டியின் பக்கத்தில் பூசி, மற்ற மருந்தைக் குச்சியில் வைத்துப் பாதுகாப்புத் தீப்பெட்டியை 1850களில் விற்பனைக்குக் கொண்டுவந்தனர். நாம் இன்று காணும் பட்டை அதுவே.

மாற்று கிடைத்துவிட்டது, இனித் துன்பம் தீர்ந்திருக்க வேண்டும் அல்லவா? தீரவில்லை. இங்கிலாந்தில் அப்பாதுகாப்புத் தீப்பெட்டியைச் செய்யும் உரிமையை 1855இலேயே விலைக்கு வாங்கியது பிரையண்ட் அண்ட் மே கம்பெனி. ஆயினும் 33 ஆண்டுகள் கழிந்த பின்னரும் லண்டனில் இருந்த அதன் தொழிற்சாலையில் வெண்பாஸ்வரக் குச்சிகளும் செய்யப்பட்டு வந்தன. மலிவான குச்சியையே மக்கள் கேட்டனர். கேட்டதைச் செய்து விற்பதில் இலாபம் இருந்தது.

1888ஆம் ஆண்டு ஜூன் மாதம் அன்னி பெசன்ட் அம்மையார் அத்தொழிற்சாலைப் பெண்களின் நிலையைப் பத்திரிகையில் எழுதினார். பின்னாளில் சென்னை அடையாற்றில் வாழ்ந்து, 1917இல் கல்கத்தாக் காங்கிரசில் தலைமை வகித்த அதே அம்மையார்தாம். அவர் எழுதியது பொய் எனக் கையொப்பமிடுமாறு நிர்வாகம் கேட்டது, பெண்கள் மறுத்தனர். ஜூலையில் ஏறத்தாழ 1,400 பேர் வேலைநிறுத்தம் செய்து வெற்றி கண்டனர். அபராதங்கள் ஒழிந்தன, உணவில் நஞ்சு படியாதிருக்க, உண்பதற்குத் தனி இடம் தரவும் நிர்வாகம் இசைந்தது.

கை கழுவுதல், காற்றோட்டம், பல் பரிசோதனை என்னும் விதிகளும் அந்நாளில் தோன்றின. அவை பயன் தந்தன. ஆனால் முழுப் பயன் தரவில்லை. நஞ்சு அறைக்குள் இருக்கும்வரை, தொழிலாளியின் எச்சரிக்கை ஒருநாள் தவறினாலும் தீங்கு நேரும். நோய் கண்டவரைப் பற்றி அரசாங்கத்துக்கு அறிவிக்காமல் மறைத்த குற்றத்துக்காக அக்கம்பெனி 1898இல் அபராதம் செலுத்த நேர்ந்தது. அதே ஆண்டில், எங்கு உரசினாலும் பற்றக்கூடியதும் அந்த நோயை உண்டாக்காததுமான பாஸ்வர-கந்தகக் கூட்டுப்பொருளைப் பிரெஞ்சு நாட்டார் தீக்குச்சிக்குப் பயன்படுத்தத் தொடங்கினர். வெண்பாஸ்வரம் இல்லாமல் முடியாது என்ற வாதம் அத்துடன் வலுவிழந்தது.

எனினும் ஒரு நாடு மட்டும் நஞ்சை விலக்கினால், மலிவான அயல்நாட்டுக் குச்சி சந்தையைப் பிடித்துக்கொள்ளும் என்ற அச்சம் எஞ்சியிருந்தது. ஆகவே 1906இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பல நாடுகள் கூடி, வெண்பாஸ்வரத் தீக்குச்சியை ஒருங்கே தடுப்பதென உடன்படிக்கை செய்தன. இங்கிலாந்து 1908இல் சட்டம் இயற்றியது. இந்தியாவில் 1913ஆம் ஆண்டுச் சட்டம் அக்குச்சியின் இறக்குமதியையும் உற்பத்தியையும் விற்பனையையும் தடை செய்தது.

இத்தடையின் அருமை நமக்கு நன்கு விளங்க வேண்டும். சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று, தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். வறண்ட அந்த மண்ணில் பெருந்தொழில் ஒன்று வளர்ந்தது. வெடிக்கும் உப்புகளாலும் நெருப்பாலும் அத்தொழிலில் அபாயங்கள் பல நேர்ந்ததுண்டு. ஆனால் லண்டன் பெண்களின் தாடையை அரித்த அந்த நஞ்சு, தொழில் அங்கே வேரூன்றுமுன்பே சட்டத்தால் விலக்கப்பட்டிருந்தது. தூரதேசத்துத் தொழிலாளர் பட்ட பாடு நம் மக்களுக்குக் காப்பாக அமைந்தது.

நோயை மறைப்பதும், அபாயத்தைச் சொல்லாமல் வேலை வாங்குவதும் அந்தக் காலத்தோடு மறைந்துவிடவில்லை. 1984 டிசம்பரில் போபாலில் நச்சு வாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அதன் பின்னரே, 1987இல், தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டு, அபாயப் பொருள்களைப் பற்றிய விவரங்களைத் தொழிலாளருக்குத் தெரிவிப்பது கடமையாக்கப்பட்டது.

முகமூடியும் கையுறையும் வேண்டியவையே. எனினும் அவற்றைத் தேடுமுன் நாம் கேட்கவேண்டிய கேள்விகள் இரண்டு உண்டு. நாம் கையாளும் இப்பொருள் யாது? இதற்குப் பதிலாகத் தீங்கற்ற பொருள் ஒன்று உண்டா? முதற்கேள்வியை வேலைக்குச் சேரும் நாளிலேயே, நமக்குத் தெரிந்த மொழியில், கூச்சமின்றிக் கேட்போமாக. இரண்டாம் கேள்வியைச் சங்கமாகக் கூடிக் கேட்போமாக. அடுத்தமுறை தீக்குச்சியை உரசும்போது, அச்செம்பழுப்புப் பட்டை இவ்விரு கேள்விகளையும் நமக்கு நினைவூட்டட்டும்.