கரகரப்பின் வரலாறு

சென்ற மழைக்காலத்தில் என் பழைய காரின் இடது கதவிலிருந்து கரகரவென்று ஓர் ஒலி எழத் தொடங்கியது. பழுது பார்க்குமிடத்தில் ஒருமுறை காது கொடுத்துக் கேட்டுவிட்டு, ஸ்பீக்கர் போய்விட்டது என்று தீர்ப்புச் சொன்னார்கள். மாற்றினோம். கரகரப்பு மாறவில்லை. கதவுக்கும் உடலுக்கும் நடுவே, ரப்பர் உறைக்குள் வளைந்து வளைந்து ஒரு கம்பி இற்றுப்போயிருந்ததைப் பிறகுதான் கண்டோம். ஒலிப்பவன் மீதே பழி விழும் இந்த வழக்கம், கார் வானொலி அளவுக்கே பழையது.

1930 ஜூனில் பால் கால்வின் தம் காரில் வானொலி ஒன்றைப் பொருத்திக்கொண்டு சிகாகோவிலிருந்து அட்லாண்டிக் சிட்டிக்கு ஓட்டிச் சென்றார். வானொலி உற்பத்தியாளர் மாநாட்டுக்கு வெளியே காரை நிறுத்தி, ஒலியைக் கூட்டி, வந்தவர்களைக் கேட்க வைத்தார். மோட்டரோலா என்ற பெயர் அந்தக் கருவியோடு பிறந்தது. அதற்காக அவருடைய ஆட்கள் பெரிதும் போராடியது ஸ்பீக்கரோடு அல்ல, இன்ஜினோடு. ஸ்பார்க் பிளக்கில் பாயும் ஒவ்வொரு பொறியும் ஒரு குட்டி வானொலி நிலையம். டைனமோவின் பிரஷ்களும் அப்படியே. பிளக் கம்பியில் மின்தடை, டைனமோவில் கண்டென்ஸர் என்று ஒவ்வொன்றாக வாயடைக்க வேண்டியிருந்தது. இன்றும் இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளை கேட்டால் ஸ்பீக்கரை விட்டுவிட்டு ஆல்டர்னேட்டரையும் எர்த் இணைப்பையும்தான் பார்க்க வேண்டும்.

ஸ்பீக்கரும் முழு அப்பாவி அல்ல. செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் 1925இல் வெளியிட்ட வடிவம்தான் இன்றும் அடிப்படை: காந்தப் புலத்தில் ஒரு கம்பிச்சுருள், அதனோடு ஒட்டிய கூம்பு. தொடக்ககாலக் கார் ஸ்பீக்கர்கள் பலவற்றில் நிலைக்காந்தம் கிடையாது. பாட்டரி மின்சாரம் பாயும் இன்னொரு சுருளே காந்தம். அது அறுந்தால் குரல் மெலிந்துவிடும். அல்னிகோவும், 1950களில் ஃபெரைட்டும் வந்து அந்த நோயைத் தீர்த்தன. பதிலுக்குப் பின்னாளில் வேறொன்று வந்தது: கூம்பின் விளிம்பில் ஒட்டிய நுரை வளையம். வெயிலிலும் ஈரத்திலும் சில ஆண்டுகளில் பொடிந்துபோகும் பொருளைக் கார் கதவில் வைத்த அறிவை என்னென்பது!

சோதனை எளிது. செட்டின் பின்புறம் இடது, வலது இணைப்புகளை மாற்றிக் கொடுங்கள். கரகரப்பு வலப்பக்கம் போனால் குற்றம் செட்டில். இடத்திலேயே நின்றால் கம்பியிலோ ஸ்பீக்கரிலோ. அப்போது பாட்டு ஓடும்போதே கதவைத் திறந்து மூடிப் பார்க்கலாம். ஸ்பீக்கரைக் கழற்றி மல்ட்டிமீட்டரை வைத்தால், 4 ஓம் ஸ்பீக்கர் 3க்குச் சற்று மேல் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் சுருள் அறுந்தது. கூம்பை விரல்களால் மெல்ல அழுத்தும்போது உரசினால் சுருள் இடம் பெயர்ந்தது.

கழற்றிப் போட்ட பழைய ஸ்பீக்கரை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். இரண்டு கம்பிகளால் 1.5 வோல்ட் பாட்டரியைத் தொட்டேன். 'டப்' என்றது.