ஸ்ரீபெரும்புதூர்ச் செப்பேடும் சிறையிருந்த சக்கரவர்த்தியும்

பிள்ளைப்பாக்கத்துத் தொழிற்பேட்டைச் சாலைகளில் கன்டெய்னர் லாரிகள் ஓயாது ஓடிக்கொண்டிருக்க, அவ்வூரை அடுத்த ஸ்ரீபெரும்புதூரில், ஸ்ரீராமாநுஜர் திருவவதாரம் செய்த அத்திருப்பதியில், உடையவர் எனப் போற்றப்படும் அவருடைய சந்நிதியின் நித்திய ஆராதனை இன்றும் நடந்துவருகிறது. அந்த உடையவருக்கு, சக வருஷம் 1478-இல், அதாவது கி.பி. 1556-இல், பல கிராமங்களைத் தானமாக வழங்கிய செப்பேடு ஒன்று இப்போது லண்டனில் இருக்கிறது. சம்ஸ்கிருத மொழியில் பொறிக்கப்பட்டுள்ள அதன் வாசகத்தைப் படிப்போர் தானத்தின் பெருமையையும் புண்ணியத்தையும் கண்டு அமைந்துவிடுவது வழக்கம். ஆனால் அரசியல் சரித்திரம் பயில்வோர் அதில் நிறுத்தி நோக்க வேண்டிய இடம் வேறொன்றாகும். கொண்டராஜன் என்பவன் ராமராயனிடம் விண்ணப்பிக்கிறான். ராமராயன் அவ்விண்ணப்பத்தை விஜயநகர மன்னன் சதாசிவ மகாராயனிடம் கொண்டுசேர்க்கிறான். சதாசிவன் தானம் செய்கிறான். விண்ணப்பம் கீழிருந்து மேலே இவ்வாறு இரண்டு படிகள் ஏறுகிறது.

அந்த ஆண்டில் விஜயநகர சாம்ராஜ்யத்தின் சேனையும் பொக்கிஷமும் தூதுறவும் யார் கையில் இருந்தன என்பதை நினைத்துப் பார்த்தால்தான் இவ்வாசகத்தின் விசித்திரம் விளங்கும். கிருஷ்ணதேவராயனின் மருமகனாதலின் 'அளிய' ராமராயன் எனப் பெயர்பெற்ற இவன், 1529-இல் மாமன் இறந்தபோதே சிசுவாயிருந்த அவன் புதல்வனைப் பட்டத்திலேற்றித் தான் ஆள முயன்று தோற்றவன். அச்சுதராயன் 1542-இல் இறந்தபின், அவன் மைத்துனனாகிய சலகராஜு திருமலை, பட்டமேறிய பாலன் வேங்கடனையும் அரசகுலத்தாரையும் கொன்று நாட்டைக் கலக்கியபோது, குத்திக் கோட்டையிலிருந்த சதாசிவனை முன்னிறுத்திப் போரிட்டு, அவனை அரியணையில் அமர்த்தியவனும் இவனே. மன்னன் சில காலத்துள் காவலில் வைக்கப்பட்டான். ஆண்டுக்கொரு முறை ஜனங்களுக்குக் காட்டப்பட்டான் என்று, 1567-இல் விஜயநகரத்தில் தங்கியிருந்த வெனிஸ் நகரத்து வணிகர் சேசரே பெதெரிச்சி எழுதிவைத்திருக்கிறார்.

அப்படியாயின் செப்பேட்டிலுள்ள அரசன் வெறும் சம்பிரதாயப் பெயர்தானே என்று வாதிப்போர் உளர். சம்பிரதாயம் என்பதை நான் மறுக்கவில்லை. அந்தச் சம்பிரதாயத்தை ஏன் விடமுடியவில்லை என்பதே என் கேள்வி. அரச விருதுகளைத் தானே சூடிக்கொள்ளுமளவு துணிந்த ராமராயன், ஓர் ஊரைக் கோயிலுக்கு விடும் உரிமை தன் வாக்கில் நிலைபெறாது என்று உணர்ந்திருந்தான். சேனை அவனுக்குக் கீழ்ப்படிந்தது. தானமோ 'சந்திராதித்தவத்', அதாவது சந்திர சூரியர் உள்ளவரை, நிற்கவேண்டியது; அதை வழங்குபவன் மூர்த்தாபிஷேகம் பெற்று முடிசூடியவனாயிருக்கவேண்டும். சிறைப்பட்டவனிடம் எஞ்சியிருந்தது அந்த ஒரே சொல்தான். அச்சொல்லை அமைச்சனால் பறிக்கவும் இயலவில்லை, அது இல்லாமல் ஆளவும் இயலவில்லை. 1565 ஜனவரியில் தலைக்கோட்டைப் போரில் ராமராயன் மடிந்தபின், அவன் தம்பி திருமலை, பொக்கிஷத்தை யானைகளில் ஏற்றிக்கொண்டு பெனுகொண்டைக்கு ஓடியபோது, உயிர் தப்புவதே அரிதான அவசரத்திலும் சதாசிவனையும் உடன்கொண்டு சென்றான் என்பது எனக்கு மிக வலிய சான்றாகத் தோன்றுகிறது.

சீன தேசத்துச் சரித்திரம் இவ்விஷயத்தில் நமக்கு நல்ல ஒளி தருகிறது. ஹான் வம்சத்தின் இறுதியில், கி.பி. 196-இல், ட்ஸாவ் ட்ஸாவ் என்னும் தளபதி, ஷியான் சக்கரவர்த்தியைத் தன் பாசறைநகருக்கு அழைத்துச்சென்று, அவன் பெயரால் ஆணையிட்டு ஆண்டான். தன் புதல்வியரையும் அவனுக்கு மணம்செய்து கொடுத்தான். எனினும் தான் பட்டம் சூடாமலே 220-இல் இறந்தான். அவ்வாண்டே அவன் மகன் சக்கரவர்த்தியைப் பதவி துறக்கச்செய்து புதிய வம்சம் கண்டான். ராமராயனுக்கும் திருமலைக்கும் நிகழ்ந்ததற்கு இது கண்ணாடிப் பிரதிபலிப்புப் போலிருக்கிறது.

ஆனால் ராமராயனுக்கு ஏறக்குறைய சமகாலத்தவனான மிங் வம்சத்து அமைச்சன் சாங் சூசெங்கின் விதி முற்றிலும் வேறு. முதல் மிங் சக்கரவர்த்தி 1380-இலேயே பிரதம மந்திரிப் பதவியை அடியோடு ஒழித்துவிட்டான். எனவே 1572 முதல் 1582 வரை, பாலனாய்ப் பட்டமேறிய வான்லீயின் பெயரால் நாட்டையே நடத்திய சாங்குக்குச் சொந்தச் சேனை இல்லை; அரசகுலத்துச் சம்பந்தமும் இல்லை; கற்றுத் தேர்ந்த உத்தியோகஸ்தன் என்ற தகுதியும், ராஜமாதாவின் ஆதரவும், அந்தப்புரத்து அதிகாரியொருவனின் துணையுமே அவன் பலம். அவன் இறந்தபின் பட்டங்கள் பறிக்கப்பட்டன, சொத்து முழுவதும் பறிமுதலாயிற்று, குடும்பம் சீரழிந்தது. வளர்ந்துவிட்ட மாணவனாகிய வான்லீ, தன் குருவாயிருந்த சாங்கின் நினைவையே தண்டித்தான்.

அமைச்சனின் செல்வாக்கு வம்சமாக மாறுமா, அவனோடு மடியுமா என்பதைத் தீர்மானிப்பது அவனுடைய பேராசையின் அளவு என்று பழைய சரித்திரக்காரர் பலரும் எழுதிவிட்டனர். எனக்கு அவ்விளக்கம் போதவில்லை. சாங்கும் ராமராயனும் ஆசையில் எத்தனை வேறுபட்டார்களோ, யார் அளந்தார்? அளக்கக்கூடியவை பெண்கொடுத்துப் பெண்கொண்ட உறவும் தனக்கே கட்டுப்பட்ட படையும்தான். இவ்விரண்டும் சேர்ந்த இடத்தில், ஹான் நாட்டிலாயினும் துங்கபத்திரைக் கரையிலாயினும், அமைச்சன் வீட்டார் அரசவீட்டாராயினர். இவை இல்லாத இடத்தில் எத்துணைப் பெரிய நிர்வாகியும் அரசனின் அருள் என்னும் மெல்லிய நூலில் தொங்கினான். விஜயநகரத்தில் ராமராயனின் பலம், மிங் சக்கரவர்த்தி ஒழித்ததுபோல் ஒழித்துவிடக்கூடிய ஒரு பதவியில் இருக்கவில்லை. ராமராயனின் பதவி மருமகன் என்னும் உறவே. உறவை எந்த ஆணையால் ரத்து செய்வது?

1570-ஐ ஒட்டித் திருமலை தன் பெயரிலேயே முடிசூடிக்கொண்டான். ஆரவீட்டு வம்சம் தொடங்கிற்று. சதாசிவன் காலம்வரை விஜயநகரப் பட்டயங்களின் அடியில் கன்னட எழுத்தில் 'ஸ்ரீ விரூபாக்ஷ' என்னும் அரச ஒப்பம் இடப்படுவது மரபு. ராமராயனுடைய தம்பி மகனாகிய இரண்டாம் வேங்கடன் ஆண்ட காலத்துப் பட்டயங்களை எடுத்துப் பார்த்தால், விண்ணப்பத்தை ஏற்றுத் தானம் செய்பவன் ஆரவீட்டான். அடியில் உள்ள ஒப்பம் 'ஸ்ரீ வேங்கடேச'.